பதினேழாம் நம்பர் ரிமோட்

போன திங்கள்கிழமை ஒரு அப்பா என்னைத் தேடி ஸ்கூலுக்கு வந்தார். திருவிடந்தைக்காரர். ஈ.சி.ஆரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி காவியாவின் அப்பா.

"இன்னா மிஸ் இது... தினம் மெசேஜ் வந்துகினே கீது. பதில் சொல்லல, பதில் சொல்லலன்னு. வூட்ல எப்பவும் படிச்சிகினுதான் கீது பொண்ணு."

மெசேஜ் அனுப்பியது நான் இல்லை. மெஷின்.

இந்த வருஷம் எங்கள் ஸ்கூலில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு ரிமோட். நான் திரையில் கேள்வி போடுவேன். அவர்கள் ஏ, பி, சி, டி என்று ஏதாவது ஒரு பட்டனை அழுத்த வேண்டும். யார் சரி, யார் தப்பு, யார் சும்மா இருந்தார்கள் — எல்லாம் சாயங்காலம் பெற்றோர் போனுக்குப் போய்விடும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். எவ்வளவு வசதி!

காவியாவின் ரிப்போர்ட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். பத்துக்கு மூன்று, நான்கு கேள்விகளுக்குத் தினமும் 'பதில் இல்லை'.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கபடி ஆடித்தான் கெட்டுப் போவுதுன்னு டீம்லேர்ந்து நிறுத்திட்டேன் மிஸ். சனிக்கிழமை நடந்த இந்த வருசத்து கடைசி மேட்ச்சுக்குக்கூட அனுப்பல."

காவியாவைக் கூப்பிட்டேன். அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளை வாய்விட்டுக் கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னாள். தடுமாற்றமே இல்லை.

அப்போதுதான் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் பார்த்தேன். விட்டுப்போன கேள்வி எல்லாவற்றுக்கும் சரியான விடை... சி.

அவளுடைய பதினேழாம் நம்பர் ரிமோட்டை எடுத்து சி-யை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. கட்டைவிரல் வலிக்க அழுத்தினேன். ம்ஹூம்.

"ஏம்மா சொல்லல?"

"மொத நாளே சொன்னேன் மிஸ். 'ஒழுங்கா அழுத்து'ன்னீங்க."

சொல்லியிருப்பேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத்தான் சொல்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "எல்லா பட்டனையும் டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவோம் மேடம்" என்றார் ஒருவர், மிக மரியாதையாக.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காவியா வகுப்புக்குத் திரும்பாமல் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. "அடுத்த வருஷம் ஆடிக்கலாம்மா" என்றேன்.

"அடுத்த வருஷம் டென்த் மிஸ். டென்த்துக்கு கேம்ஸ் கிடையாது."

அந்த ரூலைப் போட்டது மெஷின் இல்லை... நாங்கள்தான்.