வில்வக் கிளையில் ஒட்டிய விதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்பது ஒரு காரணம். நடந்த தப்பு என்னுடையது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

திருவாதவூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வில்வமரம் நிற்கிறது. மகள் பிறந்த வருடம் நட்டது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சிவன் கோயிலுக்கு இந்த மரத்து இலை ஒரு கூடை கொடுப்பதாக அன்றே வேண்டிக்கொண்டேன். முந்தின நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பேன். மரம் பெரிதானதிலிருந்து ஒரு தடவையும் தவறியதில்லை.

ஒரு நாள் நடுக்கிளையில் வேறு மாதிரி இலையோடு ஒரு கொத்து தெரிந்தது. புல்லுருவி. கே.கே. நகரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மதினி, வில்வத்துல புல்லுருவி அம்புட்டு லேசுல வராது. லட்சுமியே வந்த மாதிரி. கை வச்சிராதீங்க."

நான் ஏணியில் ஏறி அந்தக் கொத்தின் அடியில் மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒவ்வொரு கிள்ளு கொடுத்தேன்.

செம்மஞ்சளில் குழாய் குழாயாகப் பூத்தது. பூ உதிர்ந்த இடத்தில் மிளகு அளவில் பச்சைக் காய். அது குட்டிப் பீப்பாய் போல நீண்டு, உச்சியில் ஒரு விளிம்போடு, மெதுவாகச் சிவந்தது. அது பழுக்கப் பழுக்க, அதற்கு அப்பால் இருந்த வில்வக்கிளை காய்ந்தது. கூடை அரைக்கூடையானது. "என்னம்மா, மரத்துக்கு உடம்பு சரியில்லையா?" என்று குருக்கள் கேட்டபோது கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்தார். "ஏன்டி, மரத்துக்கு மஞ்சள் பூசுவாங்க. மரத்தைத் திங்கிற செடிக்குப் பூசுன ஆளு நீ ஒருத்திதான்!"

கொத்தை வெட்டி இறக்கினார். மஞ்சளும் குங்குமமும் பட்டதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கால் படாத இடமாக இருக்கட்டும் என்று, பழங்களோடு அதை அதே வில்வத்தின் கவட்டில் சொருகி வைத்தேன்.

மறுநாளே கட்டைவிரல் அளவுக் குருவிகள் வந்துவிட்டன. பழத்தை விழுங்கிவிட்டுச் சற்று நேரத்தில் கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்தன. ஒரு பழத்துக்கு ஒரு விதை. அது கோந்து போன்ற நூலோடு பட்டையில் ஒட்டியது. கொஞ்ச நாளில் ஒவ்வொரு விதையிலும் ஒரு பச்சை முனை நீண்டு, வளைந்து, பட்டையைத் தொட்டு, நுனி குண்டூசித் தலைபோல் பரந்து அழுத்திக்கொண்டது. தரையில் விழுந்தவை கருகிப் போயின. அதற்கு மண் வேண்டாம், மரம்தான் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மரத்தையே வெட்டிருவோமா?" என்றார் அவர்.

"சாமிக்குன்னு சொன்ன மரம். ஒரு விதைய விடமாட்டேன், பாத்துக்கிட்டே இருங்க."

கவட்டில் மிச்சமிருந்த பழங்களை அடுப்பில் போட்டேன். தினமும் குளித்துவிட்டு, சிவசிவா என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினேன். நகத்தால் சுரண்டினால் விதை விரலில் ஒட்டும், உதறினாலும் போகாது. பழைய துணியில் துடைத்து எரித்தேன். பட்டைக்குள் இறங்கிவிட்டதை, ஒட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே கிளையோடு அவரை வெட்டச் சொன்னேன்.

ஏணியைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் ஒரு நாள் வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, இம்புட்டுப் பக்கத்துல ஏறி வந்து இவ உன்னயக் கூப்பிட்டதே இல்ல. காது குடுத்துக் கேட்டுக்க."

கிள்ளிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், பழம் இருந்தால் எரித்துவிடச் சொன்னேன். அதுதான் ஏணி ஏறுவதைவிடக் கஷ்டம்.

பாதி மொட்டையாகிவிட்ட மரத்தோடு பிரதோஷங்கள் வந்தன. ஒரு தடவை கையளவு இலைதான். அதையும் கூடையிலேயே வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு மழைக்குப் பிறகு கூடை நிறைந்தது. குருக்கள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இப்போதும் தினம் ஒரு தடவை கிளை கிளையாகப் பார்க்கிறேன். குருவி வருவதை நான் நிறுத்த முடியாது.

வில்வம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சாமி மரத்தைக் காப்பாற்றினார் என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். நான் மஞ்சள் பூசியதையும், பழத்தோடு கவட்டில் சொருகியதையும் எழுதியபடியே சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் இன்னொரு வீட்டில் யாராவது குங்குமச் சிமிழோடு ஏணியில் ஏறுவார்கள்.