காற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பஸ்

ராக்கெட்டின் வால்பக்கத்தில் இருக்கும் கூம்புக்கு நாசில் என்று பெயர். எரிந்த வாயு அதன் வழியாகத்தான் சீறி வரும். வாயு கூம்பின் சுவரைத் தள்ளும், சுவர் வளையும், வளைந்த சுவருக்குள் வாயு வேறு மாதிரி ஓடும். அதனால் சுவர் உதறுமா, உதறினால் கிழியுமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. ஆம்பூரில் குடியிருந்து வேலூரில் பாடம் நடத்தியவன், ராக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராதவன், அவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. வாயுக் கணக்கும் சுவர்க் கணக்கும் சேர்ந்தாற்போல அதில் கொள்ளாது. ஆகவே ஒரு வாரம் வாயு, அந்த விடையை வைத்து மறு வாரம் சுவர். சனிக்கிழமை பஸ்ஸில் போய்க் கணக்கைத் துளைகளாகக் குத்திய அட்டைக் கட்டைக் கொடுப்பேன். சாயங்காலம் விடை அச்சான தாள்களை வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை, தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, என் மனைவி எண்களைப் படிப்பாள். நான் அடுத்த கட்டுக்காக எழுதிக்கொள்வேன். நாசிலில் கண் இமைப்பதற்குள் முடிகிற சங்கதி, எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் ஓடியது.

ஐந்து வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகும், டாக்டர் பட்டம் கிடையாது. இரண்டாவது வருஷமே மிச்ச வாரங்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன். பாதிப் பயணத்தை மிச்சம் பிடிக்க, இரண்டு கட்டுகளையும் ஒரே சனிக்கிழமையில் கொடுக்க ஆரம்பித்தேன். வாயுவுக்குச் சுவரின் போன வார நிலை. சுவருக்கு வாயுவின் போன வார அழுத்தம்.

படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? செவுரு நகந்துட்ச்சி. காத்துக்கு மட்டும் பழைய எடத்துலயே காட்றீங்க?"

"உனுக்கு இன்னா தெரியும்? நம்பர மட்டும் படி."

அதற்குப் பிறகு அவள் நம்பரை மட்டும்தான் படித்தாள்.

சுவர் உதறியது. வாரத்துக்கு வாரம் உதறல் ஜாஸ்தியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாசில் கிழியும் என்று கண்டுபிடித்துவிட்டேனே! அதையே ஆய்வேடாக எழுதினேன்.

ஐந்தாவது வருஷம் அதைப் படித்த என் வழிகாட்டி, வாயுவுக்குச் சுவரின் பழைய கணக்கையும் சுவருக்கு வாயுவின் பழைய கணக்கையும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவள் கேட்ட அதே கேள்வி. முன்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு வாரம் அலைந்து மூன்று சுற்று போட்டேன். உதறல் அடங்கிவிட்டது. இத்தனை நாளும் உதறியது நாசில் இல்லை, நான் மிச்சம் பிடித்த ஒரு வாரம். மறுபடி முதலிலிருந்து போட வருஷங்கள் வேண்டும். கையில் இருந்தது இரண்டு மாசம். பாழாய்ப் போயிற்று எல்லாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது உதறவே இல்லியா?"

"இல்ல."

அன்றைக்குக் கேட்டதை அவள் சொல்லிக் காட்டவே இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.