தண்ணிக்கு உடுப்பு மாத்துறது

மதினியின் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். பழைய எட்டுமுழ வேட்டியைக் குறுக்கே கிழித்த பாதி. நாலு மூலையும் முடிச்சுப் போட்டுப் போட்டே முறுக்கேறிக் கயிறு மாதிரி ஆகியிருக்கும். நடுப்பகுதி துவைத்துத் துவைத்து, பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்கு மெலிந்திருக்கும். சுகாதாரத் துறை அவருக்குக் கொடுத்தது ஒரு டார்ச் லைட்டும், சுவரில் தேதி எழுதச் சாக்குக்கட்டியும், கொசுப்புழு மருந்துப் புட்டியும்தான். துணி அவருடைய சொந்தச் சரக்கு. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் அதை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். டார்ச் லைட்டை மறந்து வந்த நாள் உண்டு, துணியை மறந்த நாள் கிடையாது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் ஊர்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற ஒப்பந்தப் பணியாளர் அவர். நான் அந்தக் குழுவுக்கு மேற்பார்வை. மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் சுமந்து தெருத் தெருவாய் அலைந்து, படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்தவன். தெருவில் எல்லோருக்கும் அவர் கொசுக்கார மதினி. எனக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை. சில நேரம் அதுவும் தள்ளிப்போகும். வந்த அன்றைக்கு டிரம், தொட்டி, குடம், அண்டா, கடைசியில் சாப்பாட்டுத் தூக்கு வரைக்கும் நிரப்பி வைப்பார்கள். அந்தத் தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் காலி செய்து, தேய்த்துக் காயவைக்க வேண்டும் என்பது துறையின் பாடம். எங்கள் ஆள் ஒருவன் அந்தப் பாடத்தை அப்படியே நம்பி ஒரு வீட்டில் டிரம்மைச் சாய்க்கப் போய், விளக்குமாற்றோடு தெருமுனை வரை விரட்டப்பட்டான். எங்களைக் கண்டாலே பெண்கள் டிரம்மின் மேல் சேலையை விரித்து, அதன் மேல் பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள்.

மதினி போனால் கதவு திறக்கும். "ஏட்டி, ஒன் தண்ணிய நான் குடிச்சிரப் போறனா? அதுக்கு உடுப்பு மாத்தி விட்டுட்டுப் போறேன். வெறுங்குடம் இருக்கதயெல்லாம் கொண்டா" என்பார். குடத்து வாயில், குடம் பற்றாத வீட்டில் இன்னொரு வெறும் டிரம் வாயில், துணியைக் கட்டி, டிரம்மில் இருக்கிற தண்ணீரை மொண்டு மொண்டு வடித்து ஊற்றுவார். டிரம் காலியானதும் தேங்காய் நாரால் உள்சுவரை நீர்மட்டக் கோடு வரைக்கும் தேய்ப்பார். "புழுவ வடிச்சாக் காணாது, சொவத்துல முட்ட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், அதத் தேச்சு எறியணும்" என்று சொல்லிக்கொண்டே கை நடக்கும். பிறகு வடித்த தண்ணீர் மறுபடி டிரம்முக்கே போகும். துணியில் நெளிகிற புழுக்களை வீட்டுக்காரியிடம் காட்டுவார். "இந்தா, நீ வளத்த பிள்ளையளப் பாத்துக்கோ. எல்லாம் ஒன்ன மாதிரியே துள்ளுது." அந்த அம்மாளும் சிரித்துவிடுவாள். அப்புறம் வெயில் கொதிக்கிற கரிசல் மண்ணில் துணியை ஒரு உதறு. ஒரு செம்பு தண்ணீர்கூட வீணாகியிருக்காது. தண்ணிக்கு உடுப்பு மாத்துறது என்று அவர் வைத்த பெயர் அவர் போகிற தெருக்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. "மதினி, எங்க வீட்டுத் தண்ணிக்கு எப்ப உடுப்பு மாத்த வாரீய?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஒரு வருடம் எங்கள் எல்லோருக்கும் திறன் வளர்ப்புப் பயிற்சி என்று அறிவித்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். பை, குறிப்பேடு, பேனா, பதினோரு மணிக்கு வடை. மூன்றாம் நாள் தேர்வு. இருபது கேள்வியில் பதினாறு சரியாக எழுதியவர்களுக்கு மட்டுமே அடுத்த வருட ஒப்பந்தம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மதினி அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்தக் கோடையில் மேய்ச்சல் இல்லாமல் வீட்டுக்காரர் ஆடுகளை விற்றிருந்தார். மகள் நர்ஸிங் இரண்டாம் வருடம். வீட்டில் நின்று எரிகிற ஒரே அடுப்பு மதினியின் வேலைதான். "மூணு நாளு பாடம் கேட்டாப் போதுமா அண்ணாச்சி, எனக்குக் கேள்வித்தாளக் கண்டாலே கையி வேர்க்கும்" என்றார். பத்து வருடமாகச் செய்கிற வேலையைப் பற்றித்தானே கேட்பார்கள், பயப்படாதீர்கள் என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

பயிற்சி அலுவலர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். திரையில் படம் காட்டி, ஏழு நாளைக்கு ஒருமுறை எல்லாக் கொள்கலன்களையும் காலி செய்ய வேண்டும் என்றார். மதினி எழுந்து நின்றார். "சார், தண்ணி வாரது பன்னெண்டு நாளைக்கு ஒருக்க. ஏழாம் நாளு கவுத்துட்டா, எட்டாம் நாளு என்னத்தக் குடிக்க?" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அலுவலரும் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. கடைசியில் பேசுவோம்" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். கடைசியில் குழுப் புகைப்படம் எடுக்கத்தான் நேரம் இருந்தது.

விடைத்தாள் திருத்த ஆள் போதாமல் எங்களைப் போன்ற மேற்பார்வையாளர்களை உட்கார வைத்தார்கள். கையில் சரியான விடைகள் அச்சடித்த ஒரு தாள். மதினியின் தாள் எனக்கு வந்த கட்டுக்குள் இருந்தது. பதினைந்து சரி, நான்கு தப்பு. மிச்சம் இருந்தது ஒரு கேள்வி: தண்ணீர்க் கொள்கலன்களை எத்தனை நாளைக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும்? கொடுத்திருந்த நான்கு விடைகளையும் மதினி அடித்துவிட்டு, ஓரத்தில் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்: கவுக்கக் கூடாது. வடிச்சு மாத்தணும்.

அலுவலர் எதிரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டி, "சார், எங்க ஊருக்கு இதுவும் சரிதான்" என்றேன். அவர் அதை வாங்கிப் படிக்கவில்லை. "ஆன்சர் கீ-ல என்ன இருக்கு, அதைப் பாருங்க. ஆளுக்கொரு விடையைச் சரின்னு போட்டா அப்புறம் எதுக்குத் தேர்வு?" என்றார் மென்மையாக. இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் பேசாமல் ஒரு டிக் போட்டிருந்தால்கூட யாரும் திருப்பிப் பார்த்திருக்கப் போவதில்லை. என் நாற்காலியும் வருடா வருடம் புதுப்பிக்கிற நாற்காலிதான் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு இழுத்தேன்; அதன் மேல் இன்னொன்று.

பட்டியல் ஒட்டிய அன்று மதினி தன் பெயரைத் தேடி இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தார். "விடுங்க அண்ணாச்சி, எனக்குப் பாடம் மண்டையில ஏறல" என்றார். தாளைத் திருத்தியது நான்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. டார்ச் லைட்டையும் புட்டியையும் மேசை மேல் வைத்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. தெருக்களில் டிரம் மேல் மறுபடியும் சேலை விரித்தார்கள். மேலிடத்துக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்கட்டும் என்று, வடித்து மாற்றுகிற முறையை எழுந்து நின்று விளக்கினேன். யார் செய்தது என்பது வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. மறுவருடப் பயிற்சியில் அது படமாகத் திரையில் வந்தது. கையுறை போட்ட யாருடைய கைகளோ ஒரு புதுக் குடத்தில் துணி கட்டின. தலைப்பு: வடிகட்டி மாற்றும் முறை. கீழே பொடி எழுத்தில் என் பெயர். மேடையில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தேர்வில் அதே கேள்வி இருந்தது. மதினி ஓரத்தில் எழுதியது இப்போது நான்காவது விடையாக அச்சாகியிருந்தது. அதுவே சரி.

மதினியைத் திரும்ப எடுக்க ஒரு மனு எழுதினேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், வயதும் கடந்துவிட்டது, முந்தைய தேர்விலும் தேறவில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. மூன்றாவது வரியை எழுதிய கை என்னுடையது.

இப்போது அந்தப் பயிற்சியை நானே நடத்துகிறேன். இந்த வருடம் பையோடு ஆளுக்கொரு வடிகட்டும் துணியும் கொடுக்கச் சொன்னார்கள். புதியம்புத்தூரில் ஒரு தையல் கூடத்தில் தைக்கக் கொடுத்திருந்தது. வாங்கப் போன இடத்தில், ஓரம் அடிக்கிற இயந்திரத்தில் மதினி உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். படிப்பை நிறுத்திவிட்டதாகவும், பக்கத்து இயந்திரத்தில் பட்டன் வைக்கிறாள் என்றும் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

மதினி ஒரு துணியை எடுத்து என் முன்னால் விரித்தார். "இது நம்ம வேலைக்கா சார்?" என்றார். அண்ணாச்சியாக இருந்தவன் எப்போது சாராகிப் போனேனோ. ஆமாம் என்றேன். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். "டிரம்மு வாயிக்கு நாலு வெரக்கட காணாது சார். பொறவு எங்கன முடிச்சுப் போட? நடுவுல வேற பட்டையா பெயிண்ட அடிச்சு வச்சிருக்காவ, தண்ணி எப்படி எறங்கும்?" நடுவில் துறையின் முத்திரையும் வாசகமும் நீல நிறத்தில் பளபளத்தன. "அளவு மேல இருந்து வந்தது மதினி" என்றேன். "அப்பம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை ஊசிக்குக் கீழே தள்ளினார். அவர் தோளில் ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்றை எங்கள் டிரம் வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தைப் பிடித்தால் எதிர் ஓரம் எட்டவில்லை. இடைவெளியில் விரலை வைத்து அளந்தேன். சரியாக நான்கு.

மறுநாள் காலை மண்டபத்தில் எல்லாத் துணிகளையும் ஆளுக்கொன்றாக என் கையாலேயே கொடுத்தேன். பதினோரு மணிக்கு வடை வந்தது. எல்லோரும் அந்தத் துணியில்தான் கை துடைத்தார்கள்.