சிவப்பு மூடி பத்து, பச்சை மூடி ஒன்று

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. மலேசியாவில், கூலிம் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். இப்போது பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள்.

கணக்கு விளையாட்டுகளை நான் கடையில் வாங்குவதில்லை, நானே செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த வருடம் சாப்பாட்டுக் கடைகளில் சொல்லிவைத்துக் குளிர்பானப் போத்தல் மூடிகளைச் சேர்த்தேன். பாதிக்கு அடர் சிவப்புச் சாயம், பாதிக்கு அடர் பச்சை. சிவப்பு மூடி என்றால் பத்து, பச்சை என்றால் ஒன்று. பிள்ளைகள் குழுக்களாகப் போட்டியிடுவார்கள்; நான் "பதினான்கு" என்று சொன்னால், ஒரு சிவப்பையும் நான்கு பச்சையையும் பொறுக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஒரு பையன் மட்டும் தினமும் தப்பாகவே கொண்டுவந்தான். வாயால் நூறு வரை தடுமாறாமல் எண்ணுகிறவன். பதினான்கு என்றால் மூன்று சிவப்பு, இரண்டு பச்சையோடு வந்து நிற்பான். மொத்தம் ஐந்து மூடி சரியாக இருக்கும். அதை நான் கவனிக்கவே இல்லை.

நான்காம் நாள், "இவன் வேணாம் டீச்சர், இவன் வந்தா தோத்துருவோம்" என்று அவன் குழுவே அவனை ஒதுக்கியது. எனக்கும் எரிச்சல். "வேணும்னே விளையாட்டுக் காட்டுற. போய் உட்காரு" என்றேன். காலணிகள் வைக்கும் சப்பாத்து அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வயிற்று வலி என்று அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல், அவன் அம்மா மோட்டார் சைக்கிளில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்கூலே வேணாம்னு அழுவுறான் டீச்சர். என்ன ஆச்சு?"

கவனமே இல்லை என்று புகார் சொன்னேன். அத்தாட்சிபோல மூடிப் பெட்டியையும் காட்டினேன். அவர் பெட்டியில் மூடிகளைப் புரட்டினார். பிறகு ஒரு சிவப்பு மூடியை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"ஐயா, இது என்ன கலரு?"

அவன் மூடியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "பச்சையா?" என்றான். உடனே மாற்றி, "சிவப்பா?" என்றான்.

"என் தம்பியும் இப்படித்தான் டீச்சர். கலர் டெஸ்ட்ல ஃபெயிலுன்னு ஃபேக்டரியில எடுக்கல. இவனுக்கும் இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல லா" என்றார் அவர்.

ஓவிய நேரத்தில் அவன் இலைக்கு மண் நிறம் தீட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் திட்டியிருந்தேன். அவன் முன்னால் மண்டியிட்டு, "டீச்சர் மேலதான் தப்பு" என்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் விளையாடலாமா?" ஆமென்று தலையை ஆட்டினேன்.

அந்த வார இறுதியில், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகளின் கூர்முனைகளை வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டினேன். கட்டு என்றால் பத்து, தனிக் குச்சி என்றால் ஒன்று. அடுத்த வாரம் "பதினான்கு" என்றதும், ஒரு கட்டும் நான்கு குச்சியுமாக அவன்தான் முதலில் வந்தான். ஒரு நாளும் தப்புச் செய்யாத ஒரு சிறுமி கட்டை அவிழ்த்து எண்ணிவிட்டு, "டீச்சர், உள்ள நெசமாவே பத்து இருக்கு!" என்று கத்தினாள். அதுவரை அவளுக்குச் சிவப்பு மூடி பத்தாக இருந்தது, நான் சொன்னேன் என்பதற்காக மட்டும்தான்.

பிறகு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்து அவனுடைய நிறக்குறைபாட்டை உறுதிசெய்தார்கள். இன்று அவன் எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் ஆண்டு மாணவன், கணக்கில் கெட்டிக்காரன்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை தப்பாகச் செய்தால், திருத்துவதற்கு முன், என் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் தெரிகிறதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.