இரண்டு முறை தட்டினால் போகலாம்

பஸ் ஷெட்டில் என் பெரியம்மாவை எல்லோரும் ‘ஜோசியம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய வேலை வண்டிகளைப் பெருக்கித் துடைப்பது. வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றதும் வாளியும் துடைப்பமுமாக ஏறுவாள். சீட்டுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் குனிந்து எடுப்பாள். ஆனால் எதையும் சும்மா எடுக்க மாட்டாள். முதலில் கைக்கு வருவது சாவி என்றால் வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள். குடை என்றால் அன்றைக்கு யாரிடமும் வாய் கொடுக்கக் கூடாது. சீப்பு கிடைத்தால் சொந்தத்தில் யாருக்கோ உடம்புக்கு முடியாமல் போகும்; உடனே அம்மாவுக்குப் போன் வந்துவிடும்.

“எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

“சீப்பாக்கா?” என்பாள் அம்மா.

“சீப்புதான்டி.”

அம்மா அவளுடைய தங்கை. பழகிப்போனவள். ஷெட்டில் மெக்கானிக்குகள்தான் விட மாட்டார்கள். “ஜோசியம், இன்னிக்கு என் கைக்கு என்ன வரும்?” என்று கேட்பார்கள். “கிரீஸ்தான் வரும், வேற என்ன வரும்” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா அடுத்த வண்டியில் ஏறுவாள்.

நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடைத்ததாம். பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. அந்தச் செருப்பைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். பிறகு நான் பிறந்தேன். “அது உனக்காக வந்துச்சு, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். தப்பான சேதி என்று எதுவும் அவளிடம் கிடையாது. தப்பாகப் புரிந்துகொண்டது மட்டும்தான் உண்டு.

பெரியப்பா கண்டக்டர். விசில் ஊத மாட்டார். பின்படிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையால் வண்டியின் தகட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். அவருக்கு எப்போதும் ஒரே டிரைவர்தான். டிரைவர் மாமா கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் அவருடைய கால் தானாக அழுத்தும். இரண்டு பேரும் வேலை நேரத்தில் பேசிக்கொள்வதே குறைவு. அதற்கு அவசியம் வந்ததில்லை.

ஒருநாள் ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடித்த பிறகும் தட்டு வரவில்லை. “என்னண்ணே, தூங்கிட்டியா?” என்று டிரைவர் மாமா முன்னாலிருந்து கத்தியிருக்கிறார். பயணிகள் சிரித்திருக்கிறார்கள். பெரியப்பா கம்பியைப் பிடித்தபடியே படியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலப்பக்கம் முழுவதும் செத்துவிட்டது. பேச்சு இல்லை. கண் திறந்திருந்தாலும் யாரையும் பார்க்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். பள்ளி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தவள் நான்தான் என்பதால் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

வார்டில் கட்டிலின் இடப்பக்கம் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. பெரியப்பாவின் இடக்கை அதன்மேல் கிடந்தது. நான் போன அன்று பெரியம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

“பேசாம பாரு.”

கை எழுந்தது. டக், டக். விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் டக், டக்.

“போலாம்ங்கறாரு” என்றாள் பெரியம்மா. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “வீட்டுக்குப் போலாம்ங்கறாரு.”

டாக்டர் வயதில் சின்னவர், நல்ல மாதிரி. பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். “அது அவரா தட்டறது இல்லம்மா. தசை தானா துடிக்குது. நெஞ்சுல சளி இன்னும் இறங்கல. இப்போ கூட்டிட்டுப் போனா ஆபத்து.”

“தானாத் துடிச்சா மூணு தடவை துடிக்கலாமே? எதுக்கு ரெண்டோட நிக்குது?”

“சில சமயம் மூணும் வருதும்மா” என்றார் மெதுவாக. அது உண்மை. நானே பார்த்திருந்தேன். பெரியம்மாவின் கணக்கில் அவை சேரவில்லை.

பெரியம்மா துணி அலசப் போயிருந்தபோது நான் கட்டிலருகே குனிந்து, “பெரியப்பா, இங்கயே இருக்கணும்னா ரெண்டு தட்டுங்க” என்றேன். டக், டக். அவர் தூங்கும்போதும் தட்டினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமியபோதும் தட்டினார். பெரியம்மா வந்ததும் இதையெல்லாம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஈரத்துணியை உதறிக்கொண்டே சிரித்தாள்.

“நீ யாருடி? பாசஞ்சர். பாசஞ்சருக்கு எந்தக் கண்டக்டராவது தட்டுவானா? டிரைவரைக் கூப்பிடணும்.”

டிரைவர் மாமா வந்தார். காக்கிச் சட்டையோடு கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “என்னண்ணே, லீவு போட்டுப் படுத்துட்டே. புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க, விசிலை வாயில வச்சுட்டே சாப்பிடறான்” என்று பேச ஆரம்பித்தார். நடுவில் டக், டக் என்று கேட்டது. தரையில் இருந்த அவருடைய வலது கால் அப்படியே அழுந்தியது. அதை அவரே குனிந்து பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

“போலாம்ங்கறாரு அண்ணி” என்றார்.

அதற்குப் பிறகு யார் பேச்சும் எடுபடவில்லை. அம்மா வந்து வார்டு வாசலில் வைத்துச் சண்டை போட்டாள். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா? சீப்பும் குடையும் உன்னோட இருக்கட்டும். இது மனுஷன் உசுரு.”

“அவர் தட்டி வண்டி கிளம்பாம இருந்ததில்லடி” என்றாள் பெரியம்மா. “நான் மட்டும் கேக்காத மாதிரி உக்காந்திருக்கணுமா? அப்போ அவர் யார்கிட்ட சொல்வாரு?”

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு படியிறங்கிப் போனாள். எல்லோரையும் போல நானும் பெரியம்மாவைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் கம்பிச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரியும். அது வெறும் சத்தம் என்றால், அங்கே படுத்திருப்பது வெறும் உடம்பு என்று ஆகிவிடும். தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எத்தனை பேரால் ஒத்துக்கொள்ள முடியும்? என்னால் முடியவில்லை. டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, புது விரிப்பு விரித்து, அவருடைய தலையணையைத் தட்டிச் சரிசெய்து படுக்க வைத்தாள் பெரியம்மா. “வந்துட்டோம். போதுமா? சந்தோஷமா?” என்று கேட்டாள்.

கட்டிலின் மரச்சட்டத்தில் கிடந்த கை எழுந்தது. டக், டக்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். “ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்குது போல” என்றாள். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினோம். டக், டக். ஃபேனை நிறுத்தினோம். ரேடியோவைப் போட்டோம். சட்டையை மாற்றினோம். டக், டக். அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து திரும்ப உள்ளே என்று கட்டிலை இழுத்து இழுத்துத் தரையெல்லாம் கோடு விழுந்தது. கடைசியில் பெரியம்மா தரையில் உட்கார்ந்து, அவர் காதருகே வாயை வைத்துக் கேட்டாள்.

“வீட்டுக்குத்தானே வந்திருக்கோம். இன்னும் எங்கங்க போகணும்?”

அவர் பதில் சொல்வதுபோல மறுபடி தட்டினார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம். டிரைவர் மாமா யாரிடமோ கேட்டு ஒரு வேன் கொண்டுவந்தார். பின்சீட்டை மடக்கி அவரைப் படுக்க வைத்தோம். பெரியம்மா தலைமாட்டிலும் நான் கால்மாட்டிலும் உட்கார்ந்தோம். பெரியப்பாவின் இடக்கை வேனின் தகட்டைத் தொட்டபடி கிடந்தது. மூச்சு இருந்தது. கை மட்டும் அசையவே இல்லை.

“பாத்தியா, சும்மா இருக்காரு” என்றாள் பெரியம்மா. “இப்பத்தான் சரியான வழியில போறோம்.”

அந்தக் கை ஏன் சும்மா இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. “ஆமா பெரியம்மா” என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு முந்தின சிக்னலில் சிவப்பு விழுந்து வேன் நின்றது. பிறகு பச்சை விழுந்தது. வேன் கிளம்பவில்லை. டிரைவர் மாமா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“போங்க மாமா” என்றேன். அவருடைய கால் அழுந்தவில்லை.

பெரியம்மா அந்தக் கையை எடுத்துத் தகட்டில் நன்றாகப் படும்படி வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள்.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள். “தட்டுவாரு.”