கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?

கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பல் சாமான்களின் ஆவணங்களைக் கையாளும் ஒரு நிறுவனம். அதன் முதலாளி ஒரு நாள் காலை எனக்கு ஃபோன் எடுத்தார்.

"தங்கச்சி, எங்கட சேர்வர் சாகுது. ஆரோ உள்ளுக்க இருந்து ஃபைலுகளைப் பாக்கினம். வந்து பிடிச்சுத் தாங்கோ."

நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே கேர்னலில் வேலை செய்பவள். கணினியின் இயங்குதளத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் பகுதிதான் கேர்னல். ஆட்களைப் பிடிப்பது என் தொழிலல்ல. ஆனால் "ஆரோ பாக்கினம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் காது தானாக நிமிரும். போர்க்காலக் கண்காணிப்புக்கு நடுவே இந்த நகரத்தில் வளர்ந்த தமிழர் பலருக்கும் அப்படித்தான்.

நான் அங்கே போனதும் முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் மையக் கணினியான அந்தச் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் முன்பு வேறொரு நிறுவனத்தில், இதே தொழிலில் இருந்தவளாம். "அவவிலதான் எனக்குச் சந்தேகம். அவவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவள் தெஹிவளையிலிருந்து ரயிலில் வந்து போகிறவள். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டதும் திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பினாள். அதைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

"என்னத்தைப் பாக்க வந்தனீங்கள், அக்கா?"

"சேர்வர் ஏன் இழுக்குது எண்டு."

"அவ்வளவுதானோ?"

"ஓம்," என்றேன். கடவுச்சொல்லை எனக்குச் சொல்லாமல் தானே தட்டினாள்.

காலையில் எல்லோரும் வேலை தொடங்கும் நேரத்தில் சேர்வர் எதில் நேரத்தைச் செலவழிக்கிறது என்று அளந்தேன். கோப்புகளை வாசிப்பதில் அல்ல, அறிவிப்பதில் பெரும் பங்கு போய்க்கொண்டிருந்தது. 'இந்தக் கோப்பை யாரும் திறந்தால், வாசித்தால், மாற்றினால் எனக்குச் சொல்' என்று ஒரு புரோகிராம் கேர்னலிடம் கேட்டு வைக்கலாம். அதனால் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போதும் வாசிக்கும்போதும் மூடும்போதும் கேர்னல் விசாரிக்கிறது: இந்தக் கோப்பை யாராவது பார்க்கிறார்களா? இது இருக்கும் கோப்புறையை? இந்த முழு டிஸ்க்கை? யாருமே பார்க்காவிட்டாலும் விசாரணை நடக்கும். இங்கேயோ ஸ்கேன் செய்த சின்னச் சின்னப் பக்கங்கள் ஓயாமல் திறந்து மூடப்பட்டன.

இதை நான் விளக்கியதும், "அப்ப ஆரும் பாக்கினமோ, இல்லையோ?" என்று கேட்டாள்.

தேடினேன். ஒரே ஒரு புரோகிராம், ஒரே ஒரு கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எட்டி அதன் பெயரை வாசித்தாள்.

"இது என்ர ஃபோல்டர்."

இவளே வைத்துவிட்டு நடிக்கிறாளோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அது யாருடைய கணக்கிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தேன். முதலாளியுடையது. அவளும் பார்த்துவிட்டாள். "எவ்வளவு காலமா…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

நான் எழும்பி முதலாளியின் அறைக்குப் போனேன். "அண்ணை, பாக்கிற ஆள் நீங்கள்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பாதுகாப்புக்கு. மச்சான் போட்டுத் தந்தவர்." பிறகு அவசரமாக, "அதாலதானோ சேர்வர் சாகுது?" என்றார்.

ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. புரோகிராமை நிறுத்தி மறுபடி அளந்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. பாரம் கேர்னல் ஒவ்வொரு முறையும் நடத்தும் அந்த விசாரணையில்தான் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சில கிழமைகள் வீட்டிலிருந்து கேர்னலை மாற்றினேன். ஒவ்வொரு டிஸ்க்கிலும் பார்ப்பவர் யாராவது உண்டா, எந்த வகை நிகழ்வைக் கேட்கிறார் என்பதை ஒரே இடத்தில் குறித்து வைக்க வேண்டும். கேர்னல் முதலில் அங்கே பார்க்கும். தேவையில்லை என்றால் அப்படியே திரும்பிவிடும். யோசனை லேசு. பயம் வேறு. உண்மையாகவே பார்க்க வேண்டிய ஒரு புரோகிராமுக்கு அறிவிப்புத் தவறிவிட்டால்? என் குறிமுறையில் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டேன். அதைப் பரிசீலித்த மற்றக் கேர்னல்காரர்களில் ஒருவர் என்னை விடவும் சந்தேகப்பட்டார். குறிப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் பார்ப்பவரைச் சேர்க்க வேண்டும், நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள், இடையில் நடக்கும் மாற்றம் காணாமல் போகும் என்று எழுதினார். அவர் சொன்னது சரி. வெட்கத்தோடு மாற்றினேன்.

புதிய கேர்னலைப் போட்ட பிறகு கொச்சிக்கடையில் காலை நேரம் இலகுவாயிற்று. முதலாளி தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுப்பித்தார்.

"இப்ப பாரமில்லைத்தானே, தங்கச்சி? அந்தப் புரோகிராமைத் திரும்பப் போட்டு விடுங்கோவன்."

"நான் போட மாட்டன், அண்ணை."

"ஏன்? அவ உங்களுக்கு ஏதும் சொன்னவவோ?"

இப்போது என்னையே அளந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அந்தப் பெண் வேறு வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் எனக்கு ஃபோன் எடுத்தாள். சுகம் விசாரித்துவிட்டு, எடுத்த விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நான் அங்க வேலையில நிக்கேக்க அவர் அந்தப் புரோகிராமைத் திரும்பப் போட்டவரோ?"

"நான் போடேல்லை."

"அதைக் கேக்கேல்லை, அக்கா."

"எனக்குத் தெரியாது," என்றேன். அது உண்மை. அவள் "ம்ம்" என்றாள். நம்பினாளா என்று அந்தக் குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.