அஸ்தராக வைத்த சட்டை

குழந்தையின் துணிகளை அம்மா மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்த காலையில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. கொல்லையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உதறி, மடிக்காமல் சுருட்டி, அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசலில் போட்டுக்கொண்டிருந்தாள். மடித்தால் மறுபடி எடுத்து உடுத்த வைப்பது போல ஆகிவிடுமாம். மூட்டையை ஏரியில் விட்டுவிட வேண்டும்.

நான் எட்ட உட்கார்ந்து அப்பாவின் மிலிட்டரிப் பையிலிருந்து ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்த பிறகு பெங்களூரில் மலிவாக விற்றார்களே, அந்தப் பைகளில் ஒன்று. அடி கிழிந்து மூலையில் கிடந்தது. பித்தளைப் பல் வைத்த அந்த ஜிப்பின் மேல் எனக்கு வெகுநாளாகக் கண். வெளியே முரட்டுக் கித்தான். உள்ளே கையை விட்டேன், அஸ்தராக மெத்தென்று வேறொரு துணி. அப்பா இத்தனை வருஷம் தோளில் மாட்டி அலைந்த பைக்குள் அப்படி ஒரு துணி இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. திறந்து கைவிடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

கை பைக்குள் இருக்க, கண் அம்மாவின் மூட்டைக்குப் போயிற்று. மேலாக மஞ்சள் சட்டை கிடந்தது. அம்மா கயிறு எடுக்க உள்ளே போனாள். சட்டையை உருவி என் தாவணிக்குள் செருகிக்கொண்டேன்.

அது அக்காவின் முதல் குழந்தை. பெண். தவழ ஆரம்பித்திருந்தது. ஊர்த் திருவிழாவுக்காக நாகரசம்பட்டியிலிருந்து எங்கள் உத்தனப்பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது. ஓசூருக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அக்காவின் மாமியார் தன் மகனான மாமாவிடம் சொல்லியனுப்பியிருந்தார்: அந்தப் பிள்ளையின் ஒரு நூல்கூட இங்கே வாசல் தாண்டக் கூடாது, வந்தால் அடுத்தது தங்காது. மாமா தலையைக் குனிந்துகொண்டே அதைச் சொன்னார். அக்கா சரி என்றாள். எல்லாவற்றுக்கும் அப்போது சரிதான். அம்மா மூட்டையோடு ஏரிப்பக்கம் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தபடியே என்னிடம் கேட்டாள்.

"எல்லாத்தயும் எடுத்துக்கினு போயிட்டாங்களாடி?"

"ம்."

"ஒண்ணுகூட மிச்சம் வெக்கலியா?"

வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். தைத்து முடித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். வெளியே பழுப்புக் காடாத் துணி, உள்ளே மஞ்சள் சட்டை, மேலே ஜிப். காசு வைக்கிற பை என்றால் எந்த மாமியார் திறந்து பார்க்கப் போகிறார்? அக்கா மட்டும் ஜிப்பை இழுத்துக் கையை விடுவாள். மாமா வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் முடித்தாக வேண்டும்.

கைமெஷின் பக்கத்து வீட்டு அத்தையிடம் இருந்தது. தெலுங்குக்காரி. எங்களிடம் தமிழ்தான் பேசுவாள், என்னை மட்டும் தெலுங்கில், பெண்ணே என்கிற மாதிரி, 'அம்மாயி' என்பாள். போய் நின்றதும் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா, எஸ்.எஸ்.எல்.சி. அம்மாயி! போன மாசம் சோப்பு காய்ச்சின. அடுப்பு வெளுத்துச்சி, துணி வெளுக்கல. இப்ப இன்னாத்துக்கு மெஷினு?"

"பை தைக்கணும் அத்தே. ஜிப்பு வெச்சி, உள்ள அஸ்தர் குடுத்து."

"அஸ்தரா? யாருக்கு, கலெக்டருக்கா?"

மடியிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. சட்டையைத் தொடவில்லை. உள்ளே போய் மெஷினைத் தூக்கி வந்து என் கையில் வைத்தாள். "உங்க அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். ஊசி ஒடச்சிடாத" என்றாள்.

சட்டையின் முன்பக்கம் ஒரு துண்டு, முதுகுப்பக்கம் ஒரு துண்டு. அஸ்தருக்கு அளவெடுத்தது போல இருந்தது. கத்திரி வைக்கத்தான் கை வரவில்லை. எங்கள் பக்கம் கைக்குழந்தைக்குப் புதுத் துணி உடுத்த மாட்டார்கள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான பழைய புடவையில்தான் தைப்பார்கள். இதுவும் அம்மாவின் மெல்லிய வாயில் புடவையில் தைத்ததுதான். வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் தெரிந்தன. சட்டைக் கையைப் பிரித்துத் தனியே வைத்துவிட்டு, கழுத்துப் பக்கம் நேராக வெட்டினேன்.

ஜிப் வைத்தது சுலபமாகவே வந்தது. நீள ஜிப்பைக் குறுக்கி, பிடி கழன்று ஓடாதபடி முனையில் நூலைச் சுற்றிக் கட்டினேன். காடாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஜிப்பின் ஓரத்தை வைத்து மெஷினில் ஒரு ஓட்டு, மறுபக்கம் ஒரு ஓட்டு. விரித்துப் பார்த்தபோது ஜிப்புக்கு இந்தப் பக்கம் காடா, அந்தப் பக்கம் மஞ்சள். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அடுத்தது காடாவைக் காடாவோடும் மஞ்சளை மஞ்சளோடும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்துச் சுற்றித் தைக்க வேண்டும். பிறகு நல்ல பக்கம் வெளியே வரும்படி எப்படித் திருப்புவது? அதுதான் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. அத்தை தன் முற்றத்தில் காய்ந்த புளியை அள்ள ஓடினாள். நான் எங்கள் திண்ணையிலிருந்து இறங்கி நடுச்சுவரோரம் நின்று கத்தினேன்.

"அத்தே! சுத்தித் தச்சப்புறம் எப்படித் திருப்புறது?"

முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவளும் கத்தினாள். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் "அடியில... மூடு..." என்று கேட்டது. பிறகு "திருப்பு!" என்று கேட்டது. போதாதா? ஓடிவந்து உட்கார்ந்தேன். அடியை மூடினேன். உறுதியாக இருக்கட்டும் என்று பொடித் தையலாகப் போட்டு, அதன் மேலேயே இன்னொரு ஓட்டும் ஓட்டினேன்.

திருப்பப் போனேன். வழி இல்லை. நாலு பக்கமும் தையல். உள்ளே ஜிப்பின் பல் கரகரவென்று விரலுக்குத் தட்டுப்படுகிறது, வெளியே எடுக்க ஓட்டை கிடையாது.

புளியை உள்ளே வைத்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அத்தை அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "யாரு மூடச் சொன்னது?"

"நீங்கதான் அத்தே. அடியில மூடுன்னு சொன்னீங்களே."

"மூடு வேள்ளு! மூணு வெரலு!" மூன்று விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மூணு வெரலு அளவு தைக்காம வுட்டுட்டு, அது வழியா திருப்புன்னு சொன்னேன்."

எவ்வளவு தமிழ் பேசினாலும் எண்ணும்போது அவளுக்குத் தெலுங்குதான் வரும். கோழி முட்டையானாலும் நெல் படியானாலும் அப்படித்தான். இது எனக்குத் தெரியும். அவள் எண்ணுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அன்று அவசரத்தில் அந்த மூடு தமிழ் மூடாகவே காதில் விழுந்தது.

பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். இரட்டைத் தையல். முதல் ஓட்டு வந்துவிட்டது. இரண்டாவதில் நூல் எது, துணி எது என்று தெரியவில்லை. கொஞ்சம் இழுத்தேன். 'சர்'ரென்று ஒரே சத்தம். அடியிலிருந்து ஜிப் வரைக்கும் மஞ்சள் இரண்டாகப் போயிற்று.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு எழுந்து வந்தாளோ. தைத்தது உள்புறம் வெளியாக இருந்ததால் மறைய வேண்டிய மஞ்சள்தான் முதலில் அவள் கண்ணில் பட்டது. என் மடியிலிருந்து எடுத்தாள். கிழிசலைப் பார்க்கவில்லை, மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"சோப்பு வாசனதான் வருது. அம்மா தொவைச்சிட்டாங்களா?"

"ஆமா."

"வசம்பு வாசனகூட இல்லடி" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்த வாரத்தில் அவள் அழுதது அப்போதுதான்.

சத்தம் கேட்டு அம்மா வந்துவிட்டாள். மஞ்சளைப் பார்த்துவிட்டாள்.

"ஏரியில வுட்டது எப்படிடி இங்க வந்துச்சி?"

"நான்தாம்மா எடுத்தேன்."

"அடிப்பாவி! அவ வயித்துல இன்னொண்ணு தங்கவேணாமா? படிச்ச திமிரு!" என்று பிடுங்கக் கையை நீட்டினாள்.

அக்கா விடவில்லை. "அடுத்தது வர்றப்ப வரட்டும்மா. இது வந்துட்டுப் போச்சே. இதுக்கு ஒரு நூலு இருக்கக் கூடாதா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை சத்தமில்லாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மா சொன்னாள்: "இப்படிக் கிழிஞ்சத எடுத்துக்கினு போனா அங்க கண்ணுல படும். உன்ன நிக்கவெச்சிக் கேப்பாங்க." வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்கா அதை என் மடியில் திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை மாமா வந்தார். ராயக்கோட்டை பஸ்ஸில் பெட்டியை ஏற்றினார். வரும்போது இடுப்பில் குழந்தையோடு இறங்கியவள், இப்போது ஏறும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஆடிக்கு வர்றதுக்குள்ள தச்சிடுவியா?"

"தச்சிடுவேன்க்கா."

"நெஜமா? சோப்பு மாரி ஆயிடாதே?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது வைகாசி பாதி. ஜிப்பை முழுசாகப் பிரித்து எடுத்துவிட்டேன், பிடி இன்னும் நன்றாக ஓடுகிறது. மஞ்சள் துண்டுகள்தான் பாக்கி. கிழிசலை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் இன்னொரு பக்கம் விடும். அதனால் அடியில் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்து, அதன் மேல் கிழிந்த இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடிக்கலாமா என்று பார்க்கிறேன். நேற்று அம்மா தன் பெட்டியிலிருந்து ஒரு முழம் மல் எடுத்து என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். அதில் இப்போதைக்குக் கைவைக்க மாட்டேன். முதலில் பழைய மாவுச் சாக்கை வேண்டுமென்றே கிழித்து, அடியில் துணி வைக்காமல் ஒரு பையும் வேறு பழந்துணி வைத்து ஒரு பையும் தைத்து, இரண்டையும் திருப்பி எது தாங்குகிறது என்று பார்க்கப் போகிறேன்.